பழைய காருக்கு வைப்பர் செட் தெரிவு செய்யிறது: மாரி மழையில ஓடப்போற ஆக்களுக்கு

பழைய மொறிஸ் மைனர், ஒஸ்டின், அங்கிலியா, பீட்டில் எண்டு ஒண்ட எடுத்து முழுசா உரிச்சு, டிங்கரிங் செஞ்சு, என்ஜின் மாத்தி தனக்குப் பிடிச்ச மாதிரி கட்டுற ஒருவர்ட்ட போய் "வைப்பருக்கு என்ன செய்யப் போறீங்க" எண்டு கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் "அது கடைசியா பாப்பம்" எண்டுதான் பதில் வரும். பெயின்ட் என்ன கலர், ரிம் என்ன சைஸ், சீட்டுக்கு என்ன துணி எல்லாம் முடிவாகிரும், வைப்பர் மட்டும் கடைசி. கடைசிக்கு வரக்குள்ள டாஷ்போட் பூட்டியாச்சு, வயரிங் சுத்தி மூடியாச்சு, பெயின்டும் அடிச்சாச்சு, மறுகா மோட்டர் வைக்க இடமில்ல, புதுப் பெயின்டுல ட்ரில் போட வேண்டி வரும், அந்த நேரத்துல எது உள்ளுக்க போகுதோ அதத்தான் போடுறாங்க, எது மழையத் துடைக்குமோ அத இல்ல.

நம்மட கிழக்கிலங்கைப் பக்கத்துல இது சின்ன விசயம் இல்ல. வருசத்து மழையில பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் வாடைக்காத்தோட சேத்துத்தான் கொட்டுது. ராத்திரி எட்டு மணிக்கு களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடையில அந்த மழையில வந்தீங்க எண்டா எதிர வாற பஸ்ஸிட லைட்டு கண்ணாடித் தண்ணியில உடைஞ்சு முழுக்க வெள்ளையாத் தெரியும், லைட் இல்லாத சைக்கிள், றோட்டுல படுத்திருக்கிற மாடு, ஓரத்துல குடையோட நடந்து போற ஆள், ஒண்டும் தெரியாது. பிரேக்குக்கு எவ்வளவு யோசிக்கிறமோ அந்தளவு வைப்பருக்கும் யோசிக்கணும் எண்டு நான் சொல்லுறது இதுக்காகத்தான்.

அதால வரிசைய இப்படி வெச்சுக்கங்க. முதல்ல முன்கண்ணாடி என்ன எண்டு முடிவாகணும். மறுகா சீட்ட அது நிக்கப்போற உயரத்துல, தூரத்துல தற்காலிகமா எண்டாலும் பூட்டணும். அதுக்குப் பிறகு வைப்பர். டாஷ்போட், ஏசி பொக்ஸ், வயரிங், பெயின்ட் எல்லாம் வைப்பருக்குப் பின்னால. பழைய சீட்டக் கழட்டி ஜப்பான் காரிட சீட்டப் போட்டா கண் மட்டம் மேலயோ கீழயோ போயிரும், அதனால சீட் இல்லாம வைப்பர் அளவு எடுக்கிறதுல பிரயோசனம் இல்ல.

அளவெடுக்கிற விதம் லேசு, மோட்டரத் தேடிப் போக முதல் இதச் செய்யுங்க. ட்ரைவர் சீட்டுல நீங்களே குந்துங்க, ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கங்க, ஒரு கூட்டாளிய வெளியில நிக்க வெச்சு கண்ணாடியில மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்க. உங்களுக்கு றோட்டு தெரியிற பகுதி, வலப்பக்கத் தூணுக்கு எவ்வளவு கிட்ட வரைக்கும் துடைக்கணும், மேல எவ்வளவு, இடப்பக்கம் நடந்து வாற ஆள் தெரியிறதுக்கு எவ்வளவு, எல்லாத்தையும் டேப்பால அடைச்சு ஒரு கட்டமா எடுங்க. அந்தக் கட்டம்தான் நீங்க கட்டாயம் துடைக்க வேண்டிய இடம். இப்ப ஒரு நூலோட நுனியில மார்க்கரக் கட்டி, பிவட் (வைப்பர் கை ஏறி ஆடுற தண்டு) வரப்போற இடத்துல மற்ற நுனிய அமத்திப் பிடிச்சு வளைவு கீறிப் பாருங்க. பிளேட்டிட மேல் நுனிக்கு ஒரு வளைவு, கீழ் நுனிக்கு இன்னொரு வளைவு. ரெண்டு வளைவுக்கும் இடையில உங்கட கட்டம் அடங்கினா ஆம் (பிளேட்டப் பிடிக்கிற கை) நீளமும் பிளேட் நீளமும் கிடைச்சிட்டு. அடங்காட்டி பிவட்ட நகத்திப் பாருங்க, இப்ப நகத்துறதுக்குச் செலவில்ல, கண்ணாடியில கீறினதத் துணியால அழிச்சாப் போதும்.

பிவட் எங்க வைக்கிறது எண்டதுல நம்மட நாட்டுக்கெண்டு ஒரு முக்கியமான விசயம் இருக்கு. இஞ்ச ட்ரைவர் வலப்பக்கம். ரெண்டு பிளேட்டும் ஒரே திசையில போற செட்டுல வலப்பக்க ட்ரைவருக்குச் செஞ்சதெண்டா பிவட் ரெண்டும் வலப்பக்கம் தள்ளி இருக்கும், ஓய்வுல பிளேட் இடப்பக்கம் பாத்துப் படுத்திருக்கும், துடைக்கக்குள்ள எழும்பி வலப்பக்கத் தூணோட ஒட்டி வந்து நிக்கும். துடைபடாத முக்கோணம் பயணி பக்கத்து மேல் மூலையிலதான் விழும். ஐரோப்பாவிலயோ அமெரிக்காவிலயோ ஓடின இடப்பக்க ட்ரைவர் காரிட செட்ட அப்படியே கொண்டு வந்து போட்டா இது மாறிரும், அந்த முக்கோணம் உங்கட கண்ணுக்கு நேர வலப்பக்கத்துல வந்து கிடக்கும், சந்தியில வலப்பக்கமா வாற மோட்டார் சைக்கிள அது மறைக்கும். இணையத்துல ரெடிமேட் கிட் வாங்கிறவங்க இத நல்லாப் பாத்து, வலப்பக்க ட்ரைவருக்கு உரியதா எண்டு கேட்டுத்தான் காசு கட்டணும்.

பழைய காரு சிலதுல ரெண்டு பிளேட்டும் எதிரெதிராப் போகும், கைதட்டுற மாதிரி. மைனரிலயும் ஒரு காலம் அப்படித்தான், 1963ஓட ரெண்டும் ஒரே பக்கம் போற மாதிரி மாத்தினாங்க. எதிரெதிர் முறையில பிவட் ரெண்டும் ரெண்டு ஓரத்துல இருந்தா தூண் ரெண்டு பக்கமும் நல்லாத் துடைபடும், நடு மேலதான் ஒரு முக்கோணம் மிஞ்சும், ட்ரைவர் எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரே பலன். நடுவில கம்பி வெச்சு ரெண்டாப் பிரிஞ்ச தட்டைக் கண்ணாடிக்கு இது நல்லாப் பொருந்தும். ஆனா நடுவில ரெண்டு நுனியும் ஒண்டோடொண்டு முட்டாம நேரம் சரியா வைக்கணும், ஒரு துண்டுக் கண்ணாடி வெச்ச காருக்கு என்னட்டக் கேட்டா ஒரே திசைதான் நல்லம் எண்டுதான் சொல்லுவன்.

இப்ப மோட்டர் விசயத்துக்கு வருவம். பழைய காருல மூண்டு விதம் பாக்கலாம். முதலாவது வக்கியூம் வைப்பர், ஃபோர்ட் 100ஈ அங்கிலியா மாதிரிக் காருகளில வந்தது. என்ஜின் உள்ளிழுக்கிற வக்கியூமால ஓடுறது. அக்ஸிலரேட்டர அமத்தினா மெனிஃபோல்ட்ல, அதாவது என்ஜின் காத்து இழுக்கிற குழாயில, வக்கியூம் குறைஞ்சிரும், வைப்பர் மெதுவாகி நிண்டிரும். அதாவது லொறி ஒண்ட முந்துறதுக்கு நீங்க மிதிக்கிற அந்த நிமிசம், லொறி அடிக்கிற தண்ணியெல்லாம் கண்ணாடியில விழுற அந்த நிமிசம்தான் வைப்பர் நிக்கும். ஷோவுக்கு வைக்கிற காரெண்டா அசல் அப்படியே இருக்கட்டும், ஓடுற காரெண்டா கட்டாயம் கழட்டுங்க, இதுல ரெண்டாவது கதை இல்ல.

ரெண்டாவது லூக்கஸ் எண்ட பிரிட்டிஷ் கம்பனியிட ரெக் கேபிள் முறை. பிரிட்டிஷ் காரு கனக்கதுல இதுதான். மோட்டர் ஒரு இடத்துல இருக்கும், அதில இருந்து வளையக்கூடிய ஒரு கேபிள், அதச் சுத்தி ஸ்பிரிங் மாதிரிக் கம்பி சுத்தியிருக்கும், அது இரும்புக் குழாய்க்குள்ளால போய் முன்னும் பின்னும் இழுபட்டு வீல்பொக்ஸ் எண்டு சொல்லுற சின்னப் பல்லுச்சில்லத் திருப்பும், அந்தச் சில்லோட தண்டுலதான் ஆம் ஏறுது. கஸ்டம் வேலைக்கு இதிட பெரிய நன்மை, மோட்டர எங்க வேணுமெண்டாலும் ஒளிக்கலாம், டாஷ்போட்டுக்குக் கீழ, பயணி கால் பக்கத்து மூலையில, இடம் கிடைக்கிற இடத்துல. பிவட் தூரத்தையும் குழாய வெட்டி மாத்திக்கலாம். கேபிள் பல்லுச்சில்லுக்கு மேலால போனா ஒரு திசை, கீழால போனா மற்றத் திசை, அதனால ஒரே திசையோ எதிரெதிரோ வீல்பொக்ஸப் புரட்டி வெச்சே எடுக்கலாம். துடைக்கிற கோணம் மோட்டருக்குள்ள இருக்கிற கியர்ச் சில்லுலதான் இருக்கு, அந்தச் சில்லுல 110, 120, 130 எண்டு டிகிரி அடிச்சிருப்பாங்க, மூடியக் கழட்டி அந்த நம்பரப் பாக்காம வாங்காதீங்க. நூலால கீறின வளைவு உங்களுக்கு 110 கேக்கக்குள்ள 130 சில்லப் போட்டீங்க எண்டா பிளேட் தூண்ல அடிக்கும்.

ரெக் முறையில பிழைக்கிறது குழாய் வளைவுலதான். கூர்மையா மடிச்ச வளைவு ஒண்டு இருந்தாலே கேபிள் இறுகும், மோட்டர் சூடாகும், மெதுவாகும், ஆள் மோட்டரத்தான் பழுது எண்டு மாத்துவார். குழாய பெரிய வட்டமா, மெதுவா வளைச்சு எடுங்க. குழாய் வாய்க்குள்ள வெட்டின பிசிறு இருக்கப்படாது, அரத்தால ராவி எடுங்க. பழைய கேபிள வெளிய இழுத்து மண்ணெண்ணெயில கழுவி, புது கிரீஸ் பூசி, மோட்டர் இல்லாம கையால முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்க, எங்கயும் தடங்காம சீரா ஓடணும். தடங்கினா மோட்டரத் தொடாதீங்க, தடங்குற இடத்தத் தேடுங்க. பழைய வீல்பொக்ஸ்ல பல்லு ஒரு பக்கம் மட்டும்தான் தேய்ஞ்சிருக்கும், ஏனெண்டா சில்லு முழுச்சுத்து சுத்துறதில்ல, தண்டக் கழட்டி 180 டிகிரி திருப்பிப் போட்டா தேயாத பக்கம் வேலைக்கு வரும், காசு மிச்சம்.

லூக்கஸ்ல எந்த மோட்டர் எண்டு கேட்டா 14டபிள்யூ தான் என்ட தெரிவு. அதுக்கு முந்தின டீஆர்3ஏ போன்றது கனக்க ஒரே ஸ்பீட்தான். 14டபிள்யூ ரெண்டு ஸ்பீட் உள்ளதா வரும், சுமையில்லாம ஓடக்குள்ள சாதாரண ஸ்பீட்ல நிமிசத்துக்கு 46 தொடக்கம் 52 சுத்து, கூடின ஸ்பீட்ல 60 தொடக்கம் 70, கரண்ட் 1.5 இல இருந்து 2 அம்பியர் வரைக்கும்தான் எடுக்கும். ஒப்பிட்டுப் பாக்க அமெரிக்கப் பாதுகாப்பு விதி 104 சொல்லுறது, குறைஞ்சது ரெண்டு ஸ்பீட் வேணும், ஒண்டு நிமிசத்துக்கு 45 தரத்துக்குக் குறையப்படாது, மற்றது 20க்குக் குறையப்படாது, ரெண்டுக்கும் இடையில 15 வித்தியாசமாவது இருக்கணும். நம்மட மாரி மழைக்கு அந்த 45 எண்டது ஆகக் குறைஞ்ச அளவு எண்டு வெச்சுக்கங்க, 60க்கு மேல போற ஒரு ஸ்பீட் கட்டாயம் தேவை.

மூண்டாவது லிங்க் முறை, இப்பத்தைய ஜப்பான், இந்தியக் காரு எல்லாத்துலயும் இருக்கிறது. மோட்டரில ஒரு கிரேங்க், அதாவது மோட்டரோட சுத்துற சின்னக் கை, அதில இருந்து கம்பி, கம்பி பிவட்டிட லீவர ஆட்டும். பலமானது, சத்தம் குறைவு, கேபிள் இறுகுற கதையே இல்ல. மோட்டரும் நம்மட ஊருலயே கிடைக்கும், மாருதி, ஓல்டோ, சனி, கொரோலா எண்டு உடைச்ச காரு வைக்கிற கடையில, இல்லாட்டி கொழும்பு போற ஒருவர்ட்ட சொல்லி பஞ்சிகாவத்தையில எடுக்கலாம். குறை என்னண்டா இடம். கண்ணாடிக்குக் கீழ, பயர்வோலுக்கு (என்ஜினையும் ஆக்கள் குந்துற இடத்தையும் பிரிக்கிற தகடு) பின்னால அந்தக் கம்பி ஆடுறதுக்கு முழு அகலத்துக்கும் வெறுமையா இடம் வேணும், பழைய சின்னக் காருல அந்த இடத்துல ஏற்கனவே மீட்டரும், ஏசி குழாயும் வந்து நிக்கும். அதாலதான் வைப்பர முதல்ல வைங்க எண்டு சொல்லுறன், ஏசி குழாய வளைக்கலாம், லிங்க் கம்பிய வளைக்க ஏலாது.

லிங்க் செட் வாங்கினா முழு செட்டா வாங்குங்க. மோட்டர், பிரேம், கம்பி, பிவட், ஆம், வைப்பர் ஸ்விட்ச், கனெக்டரோட ஒரு முழம் வயர், எல்லாம் ஒரே காருல இருந்து. தனித்தனியா எடுத்தா பிவட் தண்டுல இருக்கிற பல்லு ஆமிட ஓட்டையில பொருந்தாது, ஜப்பான் காருல ஆம் நட்டால இறுகும், பழைய பிரிட்டிஷ் ஆம் கிளிப்பால பிடிக்கும், ரெண்டும் ரெண்டு சாதி. பழைய குரோம் ஆம்தான் வடிவு எண்டு பிடிவாதமெண்டா ஜப்பான் ஆமிட தலையையும் பழைய ஆமிட உடம்பையும் வெட்டி ஒட்டுற பாஸ்மார் இருக்காங்க, ஆனா ஒட்டின இடம் ஸ்பிரிங் இழுவையத் தாங்கணும், ஒட்டின பிறகு கையால நல்லா இழுத்து முறுக்கிப் பாத்துட்டுத்தான் குரோமுக்குக் குடுக்கணும்.

அந்தப் பிரேம உங்கட காரிட அகலத்துக்கு வெட்டி மாத்தக்குள்ள கணக்கு ஒண்டு தெரிஞ்சிருக்கணும். கம்பி நீளம் துடைக்கிற கோணத்தப் பெரிசா மாத்தாது, ஓய்வு எடுக்கிற இடத்தத்தான் மாத்தும். கோணம் வாறது கிரேங்க் நீளத்துக்கும் பிவட் லீவர் நீளத்துக்கும் உள்ள விகிதத்தில இருந்து. லீவர் 50 மிமீ, கிரேங்க் 35 மிமீ எண்டா ஏறத்தாள 89 டிகிரி துடைக்கும். அதே லீவருக்கு கிரேங்க் 40 மிமீ எண்டா 106. கிரேங்க் 43க்கு மேல போனா கோணம் 120ஐத் தாண்டும், அதுக்கு மேல கம்பியும் லீவரும் கிட்டத்தட்ட நேர்கோட்டுக்கு வந்து இறுகத் தொடங்கும், கிரேங்க் லீவர விட நீளமாப் போச்செண்டா மோட்டர் முழுச்சுத்து சுத்த ஏலாம சிக்கி நிக்கும், இல்லாட்டி கம்பிய மடிக்கும். 100, 110 அளவோட நிப்பாட்டுங்க. கரண்ட் குடுக்க முதல் கிரேங்க கையால ஒரு முழுச்சுத்து சுத்திப் பாக்கிறது கட்டாயம்.

இன்னொரு வழியும் இருக்கு, படகுலயும் பெக்கோவிலயும் ட்ரெக்டர்லயும் வாற தனி மோட்டர். மோட்டர், கியர், தண்டு எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள, ஒரு ஓட்டை போட்டு நட்ட இறுக்கினா முடிஞ்சு. ஒரு கண்ணாடிக்கு ஒரு மோட்டர். ஜீப் மாதிரி, பழைய லேண்ட் றோவர் மாதிரி தட்டையான நேர்க் கண்ணாடிக்கு நல்லம், டாஷ்போட்டுக்குப் பின்னால ஒரு இஞ்சி இடமும் கேக்காது. ஆனா ரெண்டு தனி மோட்டர் போட்டா ரெண்டும் ஒரே நேரத்துல ஆடாது, ஒண்டு முந்தும் ஒண்டு பிந்தும், ரெண்டு பிளேட்டிட பாதையும் ஒண்ட ஒண்டு வெட்டாத தூரத்துல இருந்தா மட்டும் இதப் போடுங்க. திரீவீல் மோட்டரப் பெரிய காருக்குப் போடுறதுக்கு நான் சம்மதமில்ல, அது சின்னக் கண்ணாடியில ஒரு சின்ன பிளேட்ட ஆட்டுறதுக்குச் செஞ்சது.

கரண்ட் விசயத்துல மூண்டு காரியம் பாக்கணும். ஒண்டு வோல்ட். பீட்டில் 1966 வரைக்கும் 6 வோல்ட். 12க்கு மாத்தக்குள்ள பழைய 6 வோல்ட் வைப்பர் மோட்டர ரெசிஸ்டர் போட்டு ஓட்டலாம் எண்டு சொல்லுவாங்க, ரெசிஸ்டர் சூடாகும், சுமை கூடக்கூட வோல்ட் இன்னும் விழும், மழை கூடின நேரத்துல பலம் குறையும். 12 வோல்ட் மோட்டரே போடுங்க. ரெண்டாவது எர்த். பழைய பிரிட்டிஷ் காரு நிறைய பொசிட்டிவ் எர்த், அதாவது பெட்டரியிட பிளஸ் பக்கம் காரிட உடம்போட பூட்டியிருக்கும். காந்தம் வெச்ச புது மோட்டருக்கு பிளஸ் மைனஸ் மாறினா சுத்துற திசையும் மாறும், பிளேட்ட ஓய்வு இடத்துல நிப்பாட்டுற பார்க் ஸ்விட்சும் குழம்பும், அதனால கார நெகட்டிவ் எர்த்துக்கு மாத்திட்டுத்தான் இந்த மோட்டரத் தொடணும். மூண்டாவது சார்ஜ். பழைய டைனமோ, லூக்கஸ் சி40 எண்டா உச்சத்துல 22 அம்பியர்தான், அதுவும் என்ஜின் நல்லா சுத்தினாத்தான். ஹெட்லைட் ரெண்டுக்கும் 7, 8 அம்பியர், வைப்பர், ஏசி ஃபேன், பிரேக் லைட் எல்லாம் சேந்து மழை ராத்திரியில ட்ராஃபிக்ல நிண்டா பெட்டரி இறங்கும், வைப்பர் மெதுவாகும். ஓல்டனேட்டர் போடுங்க, வைப்பருக்கு நீங்க செய்யிற பெரிய உதவி அதுதான்.

பார்க் எண்டது ஸ்விட்ச நிப்பாட்டினாலும் பிளேட் தானாகக் கீழ போய்ப் படுக்கிறது. அதுக்கு மோட்டருக்குள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கு, நீங்க நிப்பாட்டின பிறகும் பிளேட் கீழ வரும் வரைக்கும் அதுக்கால கரண்ட் போகும். அதனால இக்னிஷன்ல இருந்து நேர ஒரு வயர் மோட்டருக்குப் போகணும், ஸ்விட்சுக்கால மட்டும் குடுத்தா வைப்பர் நட்ட நடுவுல நிக்கும். மோட்டர எடுத்த அதே காரிட ஸ்விட்ச எடுங்க எண்டு மேல சொன்னது இதுக்காகத்தான், மோட்டரும் ஸ்விட்சும் வேற வேற கம்பனியெண்டா பார்க் வேலை செய்யாம அலைய வேண்டி வரும். விட்டு விட்டு துடைக்கிற இன்டர்மிட்டன்ட் ரிலேயும் அதே காருல இருந்தா சேத்து எடுங்க. நம்மட பக்கம் ஏசி போட்டு ஓடக்குள்ள வெளிக்காத்துல இருக்கிற ஈரம் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மூடுபனி மாதிரிப் படியும், அதத் துடைக்க இன்டர்மிட்டன்ட்தான் வசதி. 1964இல ரொபர்ட் கேர்ன்ஸ் எண்ட அமெரிக்கர் அதுக்குக் காப்புரிமை கேட்டார், 1967இல கிடைச்சது, பழைய காரு கனக்கதுல அது இல்லாததுக்குக் காரணம் அந்தக் காலமே அதுக்கு முந்தினதுதான்.

மோட்டர ரப்பர் புஷ் வெச்சு பூட்டுங்க, இல்லாட்டி டாஷ்போட் முழுக்க உறுமும். ஆனா ரப்பர் வெச்சா காரிட உடம்புல இருந்து எர்த் கிடைக்காது, தனியா ஒரு தடிச்ச எர்த் வயர் போடணும். வைப்பர் மெதுவா ஓடுது எண்டு வாற முறைப்பாட்டுல முதல் பாக்க வேண்டியது இந்த எர்த்தத்தான். கல்முனைப் பக்கம் பழைய மோட்டர் திருத்துற நானா ஒருவர் மோட்டரக் கழட்ட முதல் பெட்டரி நெகட்டிவ்ல இருந்து மோட்டர் உடம்புக்கு ஒரு வயரத் தொட்டுப் பாப்பார், ஸ்பீட் கூடினா மோட்டருக்கு ஒண்டுமில்ல எண்டு அனுப்பிருவார். பியூஸ் வைப்பருக்குத் தனியா வேணும், லைட்டோட சேக்கப்படாது, வைப்பர் சிக்கி பியூஸ் போனா லைட்டும் சேந்து போயிரும்.

ஆம், பிளேட் விசயத்துல ஆக்கள் கவனிக்காத ஒண்டு அமத்துற பாரம். பழகின கணக்கு, பிளேட் ஒரு இஞ்சிக்கு ஏறத்தாள ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். 12 இஞ்சி பிளேட்டெண்டா 340 கிராம் கிட்ட. மீன் நிறுக்கிற சின்ன ஸ்பிரிங் தராச எடுத்து, பிளேட் பூட்டுற இடத்துல கொளுவி, கண்ணாடியில இருந்து மெல்லமா உசத்துங்க, பிளேட் கண்ணாடிய விடுற நேரம் காட்டுற பாரம்தான் அது. குறைவெண்டா வயல் வெளி றோட்டுல வேகமாப் போகக்குள்ள காத்து பிளேட்டத் தூக்கும், தண்ணி கோடு கோடா நிக்கும். கூடினா ரப்பர் கெதியாத் தேயும், மோட்டர் திணறும். மறுகா ஒரு பேப்பர்த் துண்ட பிளேட்டுக்குக் கீழ வெச்சு நுனி, நடு, அடி மூண்டு இடத்துலயும் இழுத்துப் பாருங்க, மூண்டு இடத்துலயும் ஒரே அளவு பிடிக்கணும். வளைஞ்ச கண்ணாடியில தட்டைக் கண்ணாடிக்குரிய பழைய பிளேட்டப் போட்டா நடுவு மட்டும் பிடிச்சு நுனி ரெண்டும் சும்மா நிக்கும்.

போகக்குள்ள சரியாத் துடைச்சு, திரும்பி வரக்குள்ள மட்டும் கடகடண்டு குதிச்சா அது ரப்பர்ப் பிழை இல்ல, ஆம் நுனி கண்ணாடிக்கு நேரா இல்லாம முறுகிக் கிடக்கு. ரெண்டு குறட்டால பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி நேராக்கலாம், துணி சுத்திப் பிடிங்க.

பழைய காருக்குரிய மெல்லிய 10, 11 இஞ்சி பிளேட் நம்மட ஊர்க் கடையில தேடுறது கஷ்டம், கொழுக்கி வெச்ச ஜப்பான் வகைதான் அடுக்கி வெச்சிருப்பாங்க. அதுக்கு ஒரு வழி, பழைய குரோம் பிளேட்டிட உடம்ப வெச்சுக்கிட்டு, கடையில ஒரு நீளமான பிளேட் வாங்கி அதில இருந்து ரப்பரையும் ரெண்டு மெல்லிய இரும்புப் பட்டியையும் உருவி எடுத்து அளவுக்கு வெட்டிப் போடுறது. ரப்பரிட அகலம் அதப் பிடிக்கிற பழைய நகத்துக்குள்ள போகுதா எண்டு மட்டும் முதல் பாத்துக்கங்க. வெட்டின இரும்புப் பட்டியிட நுனிய ராவி மழுங்கலாக்காட்டி அது ஒரு நாளைக்கு வெளிய வந்து கண்ணாடியக் கீறும்.

இனி உப்பும் மண்ணும். கல்லடி, காத்தான்குடி, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் எண்டு கடலோடு கிடக்கிற ஊர்கள்ல வாற காத்துல உப்பு இருக்கு, கச்சான் காத்து காலத்துல அதோட தூசும் சேரும். வைப்பர் தண்டு வெளிய வாற ஓட்டையிலதான் முதல் துரு பிடிக்கும். அந்த ஓட்டைய ட்ரில் போட்டவுடன பிரைமர் அடிங்க, பெயின்டுக்கு முன்னாலயே போடுங்க எண்டதிட காரணமும் இதுதான். தண்டுக்குக் கீழ வாற ரப்பர் வாசர் புதுசாப் போடணும், பழசு வெடிச்சிருந்தா மழைத் தண்ணி நேர உள்ளுக்க வந்து வயரிங்கில ஒழுகி மற்றாள்ட காலுல விழும். நட்டுக்கு எல்லாம் ஸ்டெயின்லெஸ், பூட்டக்குள்ள கிரீஸ் தடவுங்க. பிவட் புஷ்ஷுக்கு மாரி தொடங்க முதலும் முடிஞ்சும் ஒரு துளி எண்ணெய். மோட்டரிட கூட்டுல தண்ணி வடியிற ஓட்டை கீழ பாத்து இருக்கணும், திருப்பிப் பூட்டினா தண்ணி உள்ளுக்க தேங்கும்.

கண்ணாடிக்குத் தண்ணி பீச்சுற வாசர் இல்லாம வைப்பர் போடாதீங்க. தூசு படிஞ்ச கண்ணாடியில வரட்டுத் துடைப்புத் துடைச்சா மண் கண்ணாடியக் கீறும், அந்தக் கீறல் பகல்ல தெரியாது, ராத்திரி எதிர் லைட்டுல முழுக்க மின்னும். முதல் மழையோட ஈசல் பறக்கும், வயல் பக்கம் ராத்திரி பூச்சி வந்து அடிக்கும், தண்ணி இல்லாம அதத் துடைச்சீங்க எண்டா கண்ணாடி முழுக்கப் பசை. பீட்டில்ல ஸ்பெயார் டயர்க் காத்தால தண்ணி பீச்சுற முறை வெச்சிருந்தாங்க, கெட்டித்தனமான வேலைதான், ஆனா ஸ்பெயார் டயர்ல காத்து இறங்கினா வாசரும் போச்சு. எந்த ஜப்பான் காரிட 12 வோல்ட் பம்பும் டாங்கியும் நல்லா வேலை செய்யும், டாங்கிய என்ஜின் சூடு படாத மூலையில வைங்க, தண்ணி பீச்சுற வாய ரெண்டாப் போட்டு பிளேட் போற பாதையிட மேல் அரைவாசியில விழுற மாதிரித் திருப்புங்க.

கடைசியா டெஸ்ட். ஆமப் பூட்ட முதல் மோட்டர ஓட்டி பார்க்ல நிக்க விடுங்க, அதுக்குப் பிறகுதான் ஆமத் தண்டுல ஏத்தணும், அப்பத்தான் ஓய்வு இடம் சரியா வரும். கண்ணாடி காய்ஞ்சிருக்கக்குள்ள ஓட்டாதீங்க, ஒருவர் ஹோஸால விடாமத் தண்ணி அடிக்கட்டும். என்ஜின் ஐடில்ல, ஹெட்லைட்டும் ஏசியும் போட்டு வெச்சுக்கிட்டு ஒரு நிமிசம் எண்ணுங்க, மெது ஸ்பீட்லயே 45 வருதா எண்டு. பிளேட் தூணுக்கு ஒரு விரல் அகலமாவது இடம் விட்டுத் திரும்பணும், தண்ணி கூடினா பிளேட் கொஞ்சம் தாண்டித்தான் போகும். அரை மணித்தியாலம் ஓடவிட்டு மோட்டரத் தொட்டுப் பாருங்க, கை வெக்க ஏலாத சூடெண்டா எங்கயோ இறுகுது, அதக் கண்டுபிடிக்காம டாஷ்போட்ட மூடாதீங்க. எல்லாம் சரியெண்டா மாஸ்கிங் டேப்பால நீங்க முதல் நாள் அடைச்ச அந்தக் கட்டத்தோட ஒப்பிட்டு, சீட்டுல குந்தி ராத்திரியில ஒருக்கா பாருங்க, எதிர ஒரு வாகனத்த லைட் போட்டு நிப்பாட்டி வெச்சு. அதில தெளிவாத் தெரிஞ்சா வயரச் சுத்தலாம், பெயின்டுக்கு அனுப்பலாம்.